கரண்ட் போன நேரம்

போன மாதம் ஆயிரம் துண்டறிக்கை அடித்தோம்.
வழவழத் தாள், நான்கு வண்ணம்.
ஒரு காது, அதன்மேல் சிவப்புப் பெருக்கல் குறி,
கீழே:
'ஒலி மாசினால் ஏற்படும் செவித்திறன் இழப்பினைத் தவிர்ப்போம்.'

பொதட்டூர்ப்பேட்டையில் அதைப் பார்த்தவர்கள்
கம்மல் கடையை மூடிட்டாங்களா என்று கேட்டார்கள்.
நகரியிலிருந்து பாவு ஏற்றி வந்த ஒருவர்
தாள் கெட்டியாக இருக்கிறதென்று
இன்னும் இருபது வாங்கிக்கொண்டார்,
தார்ப் பெட்டிக்கு அடியில் விரிக்க.

அறிக்கையில் எழுதினேன்:
சென்றடைந்தவர்கள் ஆயிரம் பேர்.

தறிக்கூடத்துக்குள் போனால்
என் வாய் எனக்கே கேட்காது.
பன்னிரண்டு தறி.
நாடா அடிக்கிற அடியில்
சுவர்க் காலண்டர் தேதி தேதியாக நடுங்கும்.
தொண்ணூற்றெட்டு டெசிபல் என்று கத்துகிறேன்.
தேசம்மா என் உதட்டைப் பார்த்துத் தலையாட்டுகிறாள்.
சாப்பிட்டாச்சா என்று கேட்டேனாம்.

அவர்களுக்கென்று ஒரு பேச்சு இருந்தது.
கட்டைவிரலை மடக்கினால் தார் தீர்ந்தது.
தோளைத் தொட்டால் முதலாளி வருகிறார்.
உள்ளங்கையால் நெஞ்சில் இருமுறை தட்டினால்
எனக்கு முடியல, என் தறியையும் பார்த்துக்கோ.
சீட்டுப் பணம், சம்பந்தி சண்டை, மகளின் பிரசவம்
எல்லாம் பேசி முடித்த கைகளுக்கு நடுவே
தாளை நீட்டிக்கொண்டு
இரண்டு வருடம் நின்றிருக்கிறேன்.

சென்னை அலுவலகத்திலிருந்து மின்னஞ்சல்:
நன்கொடையாளர்களுக்கு ஒரு படம் வேண்டும்.
குனிந்த தலை. முடிந்தால் ஈரக் கண்.
பயனாளி என்று போட்டால் போதும்,
பெயர் அவசியமில்லை.

அந்த வியாழக்கிழமை பதினொன்றரைக்குக்
கரண்ட் போயிற்று.

பன்னிரண்டும் ஒரே மூச்சில் நின்றன.
எதிர்வீட்டுக் குக்கர் கேட்டது.
பள்ளிப்பட்டு பஸ் முக்கில் திரும்புவது கேட்டது.
அவர்கள் மட்டும்
இன்னும் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"மருமக வந்துட்டாளாடி?"
"ஏமி?"
"மருமக! மருமக!"
"வினபடலேதுக்கா!"

மூன்றடி தூரம்.
நடுவில் ஓடாத ஒரு தறி.

வாசலில் பீடி பற்றவைத்த முனிரத்தினம்
தீக்குச்சியை அணைக்க மறந்து திரும்பினார்.
"நாம ஏன் இன்னும் கத்தறோம்?"
அதையும் கத்தித்தான் கேட்டார்.

தேசம்மா சிரிக்கத் தொடங்கிப்
பாதியில் நிறுத்தினாள்.
"போன் பண்ணா பையன் திட்டுவான்,
ஏம்மா கத்தறேன்னு.
நான் அவனுக்குத்தான் திமிருன்னு..."
முடிக்கவில்லை.
சுண்டுவிரலைக் காதுக்குள் விட்டுக் குடைந்தாள்,
உள்ளே ஏதோ அடைத்திருப்பதுபோல.

நாற்பது நிமிடம் கரண்ட் வரவில்லை.
நான் நடத்தியதிலேயே நல்ல கூட்டம் அது.
நான் நடத்தவுமில்லை.
ஒரே ஒரு வாக்கியம் சொன்னேன்:
காதடைப்பான் என் பையில் இருக்கு.

விளக்கு எரிந்ததும்
தேசம்மா பக்கத்துத் தறியைப் பார்த்துக்
காது மடலை இரண்டு விரலால் சுண்டினாள்.
போட்டுக்கோ என்று அர்த்தம்.
இதற்கு முன் அந்தச் சைகை கிடையாது.
மாலைக்குள் அடுத்த தெருவுக்குப் போய்விட்டது,
என் கையெழுத்தில்லாமல்.

இந்த முறை மட்டமான தாளில் அடித்தோம்,
எதற்கு அடியிலும் விரிக்க உதவாத தாள்.
இந்தப் பக்கம் தமிழ், அந்தப் பக்கம் தெலுங்கு,
முனிரத்தினம் கேட்டதுதான்:
'கரண்ட் போன பிறகும் கத்துறியா?'

படமும் அனுப்பினேன்.
தேசம்மா கேமராவை நேராகப் பார்க்கிறாள்,
விரல் காது மடலில்.
கீழே அவள் பெயர், அவள் தறியின் எண்,
அவளே சரிபார்த்த ஒரு வரி.

மூன்று வாரமாகிறது. பதில் இல்லை.
அவர்கள் இருக்கும் மாடியில்
கரண்ட் போவதில்லை.