அன்டெனாத் தட்டு

கச்சான் அடிக்கிற நாட்களில்
அறிவியல் நகர் வரைக்கும் வரும் அந்த மணம்.
யன்னலைச் சாத்தினாலும் வரும்.
மற்றவர்கள் மதியச் சாப்பாட்டை மூடிவைப்பார்கள்.
நான் இரண்டு கான்களை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு
மேட்டுக்குப் போவேன்.

காட்டை வெட்டி
பிரதேச சபை வளர்க்கிற மேடு.
பம்பேர்ஸ், கோழி இறகு, செத்த பற்றரி,
கலியாண மண்டபத்து வாழையிலை,
தோற்றவருடைய தேர்தல் நோட்டீஸ்
எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று ஊறி
அடியால் கசிகிறது,
பிளேன்ரீ நிறத்தில்.
குப்பை ஊறல் என்று அறிக்கையில் எழுதுகிறோம்.
"மேட்டின்ர மூத்திரம்" என்பார்
டிராக்டர் ஓட்டுகிற அமலதாஸ்.
பிழையில்லை. அமோனியாதான் அதில் கூட.

மேட்டுக்குக் கீழே வயல்.
வயலுக்குக் கீழே கிணறுகள்.
வரைபடத்தில் அம்புக்குறி போட்டேன், கூட்டத்துக்காக.
தண்ணீருக்கு அது தேவைப்படவில்லை.

முதற் பாசி கொழும்பிலிருந்து வந்தது,
ஐஸ் பெட்டியில், குளோரெல்லா என்று பெயர் ஒட்டி.
மீன்தொட்டிப் பம்மால் காற்று ஊதி
நூற்றுக்குப் பத்துப் பங்கு ஊறல் கலந்தேன்.
மூன்றாம் நாள் மஞ்சள்.
ஐந்தாம் நாள் போத்தலின் அடியில்
சாம்பலாய்ப் படிந்து கிடந்தது.
ஐந்து பங்கு வைத்தேன்.
ஒன்பது நாள் இருந்தது,
கரண்ட் போன இரவு வரைக்கும்.

பிறகு அமலதாஸ்தான் காட்டினார்:
மேட்டின் காலடியில் மல்லாந்து கிடந்த
ஒரு டிஷ் அன்டெனா.
தட்டு நிறைய ஊறலும் மாரி மழையும்.
அதற்குள், வெயிலில்,
கண் கூசுகிற பச்சை.
"சிக்னல் எடுத்திருக்கு, பாருங்கோ மிஸ்."

ஊசிக்குழாயால் ஐந்து மில்லிலீற்றர் உறிஞ்சினேன்.
நுணுக்குக்காட்டியின் கீழே
நாலு நாலாய்த் தோள் ஒட்டி நின்றன.
எந்தப் பெட்டியிலும் வராதவை.
ஆரும் ஊதாமலே மூச்சுவிடப் பழகினவை.

இருபது பங்கில் போட்டேன். வளர்ந்தது.
முப்பதில் போட்டேன்.
ஒரு கிழமை யோசித்தது.
பிறகு வளர்ந்தது.
பதினெட்டாம் நாள்
அமோனியா பத்தில் ஒரு பங்காய் இறங்கியிருந்தது.
கருவியைத் துடைத்துவிட்டுத் திரும்ப அளந்தேன்.
அதே எண்.
பக்கத்தில் ஒருவரும் இல்லை.
போத்தலைத் தட்டிக்கொடுத்தேன், மாட்டைத் தட்டுகிற மாதிரி.

தவிசாளர் கேட்டார்: "மணம் போகுமோ?"
கொஞ்சம் போகும் என்றேன்.
"எத்தினை லீற்றர்?"
இருநூறு.
அவர் யன்னலுக்கு வெளியே பார்த்தார்.
ஒரு நாளைக்கு ஏழு டிராக்டர் போகிற றோட்டு.

வடித்து, காயவைத்து, சுரண்டினால்
அப்பளப் பொருக்கு மாதிரி வருகிறது பாசி.
"தென்னைக்குப் போடலாமே?" அமலதாஸ்.
ஏலாது.
"மாட்டுக்கு?"
ஐயோ, ஏலவே ஏலாது.
அமோனியாவைத் தின்று அது உடம்பாக்கிக்கொண்டது.
பற்றரியின் ஈயத்தைத் தின்ன முடியவில்லை,
பிடித்து வைத்திருக்கிறது, அவ்வளவுதான்.
தண்ணீரிடமிருந்து வாங்கியதை
இனி ஆரிடம் கொடுப்பது?
திகதி எழுதி, மூடி இறுக்கி,
அலுமாரியில் பூட்டியிருக்கிறேன்.
திறப்பு என் சங்கிலியில், வீட்டுத் திறப்போடு.

நேற்றுக் கானோடு போனபோது பார்த்தேன்.
அன்டெனாவைச் சுற்றி நாலு கல்.
அமலதாஸ் எனக்கு ஒன்றும் சொல்லவில்லை.
சுமையோடு வந்த டிராக்டர்
அந்த இடத்தில் வேகம் குறைத்து
வெட்டி வளைந்து போனது.
சில்லுத் தடத்தில் புதிதாய் ஊறல் நிறைந்தது,
இன்னும் பச்சை இல்லாமல்.