மீட்டருக்கு ஒன்று புள்ளி நான்கு

குட்டாயிசியில் நவம்பர் மழை.
ஜும்பெரியின் கதவுப் பட்டறையில்
இத்தாலிய ரௌட்டரின் முதுகைத் திறக்கிறேன்.
முதலில் வந்தது எலிக்கூடு:
மரத்தூள், செம்பு இழை,
எந்தத் தேர்தல் வேட்பாளருடையதோ
கிழிந்த நோட்டீஸில் மீசை மட்டும்.

தொண்ணூற்றாறாம் வருடத்துப் பலகை.
கெப்பாசிட்டர்கள் தலை வீங்கி
வெடிக்கவும் துணிவில்லாமல் நிற்கின்றன.
பச்சைத் திரை இத்தாலியில் சொன்னதற்கெல்லாம்
ஓரத்தில் டேப் ஒட்டி
ஜார்ஜிய எழுத்தில் ஒரே மொழிபெயர்ப்பு:
"அணை. டீ குடி. திரும்பப் போடு."

டிராலிபஸ் டிப்போ மூடும்வரை
அங்கே ஒயரிங் பார்த்தவள் நான்.
எண்பத்து மூன்று ஒயர், வரைபடம் கிடையாது.
நகப்பூச்சால் குறி வைத்தேன்.
நீளவாட்டுக்குச் சிவப்பு,
குறுக்கே போவதற்கு ஊதா,
ஏறி இறங்குவதற்கு
மகளுக்குத் தெரியாமல் எடுத்து வந்த மினுக்குப் பச்சை.
"எடெரி, இது கருவியா கல்யாணப்பெண்ணா?"
என்றாள் சியாலா, பில் எழுதியபடி.

அலமாரி நிறைய இருந்த மூளை
இப்போது உள்ளங்கை அளவு.
பழையதை இருவர் தூக்கிப்போய் எடைக்குப் போட்டார்கள்.
புதியதை நான் சட்டைப்பையில் கொண்டு வந்திருந்தேன்.

மூன்றாம் நாள்
வெட்டும் மோட்டார் சுழன்றதும்
பச்சை அச்சு தானாகவே துள்ளியது,
கூட்டத்தில் கிள்ளுப்பட்ட பிள்ளைபோல்.
ஒன்றரை நாள் அந்தக் கிள்ளிய கையைத் தேடினேன்.
கேபிளின் வலையுறையை இரண்டு முனையிலும்
எர்த் செய்திருக்கிறேன்.
என் தப்புதான். ஒரு முனையை அறுத்தேன்.
அடங்கியது.

ஆயிரம் என்று தட்டினேன்.
ஓடி நின்றது. டேப் வைத்தேன்.
ஆயிரம். ஒரு மயிரிழை கூடக் குறைவில்லை.
ஜும்பெரி கைதட்டவில்லை.
குனிந்து பார்த்தார், கண்ணாடியைத் துடைத்து
இன்னொரு முறை பார்த்தார்.

மறுநாள் வெட்டிய கதவு நான்கும்
நிலைக்குள் போக மறுத்தன.
இரண்டு மீட்டர் உயரத்தில்
மூன்று மில்லிமீட்டர் கொழுப்பு.

பிறகுதான் வாய் திறந்தார்.
பல்சக்கரம் ஒன்று உடைந்த வருடம்
இத்தாலிக்குக் கடிதம் போட்டார்; கம்பெனியே இல்லை.
லாரி ஆலையில் ஒரு கடைசல்காரன்
ஒரு பாட்டில் ச்சாச்சாவுக்குக் கடைந்து கொடுத்தது
அளவில் ஒரு இம்மி சிறியது.
அன்றிலிருந்து இந்தக் கருவி
மீட்டருக்கு ஒன்று புள்ளி நான்கு திருடும்.
உள்ளே திருத்தக் கடவுச்சொல் தெரியாது.
அதனால் வரைபடத்தில் கூட்டிப் போட்டார்,
ஒவ்வொரு கதவுக்கும், ஒவ்வொரு பூவுக்கும்,
அறுநூற்றுப் பதினோரு கோப்புகளில்.
திருடனுக்குப் படியளந்து படியளந்து
கணக்கு நேராகிவிட்டது.
இப்போது திருடனைத்தான் நான் திருத்திவிட்டேன்.

"பழையபடி பொய் சொல்ல வைக்க முடியுமா?"
கூச்சத்தோடு கேட்டார்,
மருந்துக்கடையில் கேட்பதுபோல்.

முடியும். ஒரே ஒரு எண்.
விரலை வைத்தபோது
பத்தூமியிலிருந்து வந்திருந்த ஆர்டர் கண்ணில் பட்டது:
லாஷா என்ற கட்டடக்கலைப் பையன்,
முப்பது ஜன்னல், சுத்தமான அளவு,
யாருடைய திருட்டும் தெரியாத கோடுகள்.

அன்றிரவு பெட்டியின் கதவில் ஒரு துளை போட்டேன்.
டிராலிபஸ்ஸில் உள்விளக்கு போட வைத்திருந்த
கறுப்புச் சுவிட்ச், டிப்போவிலிருந்து என்னோடு வந்தது,
அதற்குள் சரியாக உட்கார்ந்தது.
மேலே தள்ளினால் உலகத்து மீட்டர்.
கீழே தள்ளினால் ஜும்பெரியின் மீட்டர்.

பெயர் எழுத இடம் போதவில்லை.
மேலே சிவப்பாக ஒரு பொட்டு வைத்தேன்.
கீழே எதுவும் வைக்கவில்லை; அவருக்குத் தெரியும்.

சியாலா பில்லில் கடைசி வரியை வாசித்தாள்:
"சுவிட்ச், பழையது, விலையில்லை."
பேனாவால் அடித்துவிட்டு
ஐந்து லாரி என்று எழுதினாள்.