கூரைக்கு ஓட்டுப் போட்டவன்

எங்கள் சபையின் பின்கூடத்தில்
கூடைப்பந்து வளையத்துக்கு மேலே
இரண்டே முழம்தான் இடம்.
அப்புறம் ஓர் இரும்பு உத்திரம்,
அதற்கும் மேல் ஒழுகும் கூரை.
ஆகவே பால்டிமோரின் இந்த நாலு தெருவில்
பந்தை யாரும் உயர வீசுவதில்லை.
மட்டமாய், நேராய்,
கோபத்தில் கதவைச் சாத்துவதுபோல் எறிவார்கள்.
விழும். எப்படியோ விழும்.
வெளியணிகள் வந்தால்
உத்திரத்தில் அடித்தே தோற்றுப்போகும்.

மழை நாட்களில் மைதானக் கோட்டில்
ஒரு நீல வாளி நிற்கும்.
அதையும் எதிராளியாய் எண்ணி
ஏய்த்துவிட்டு ஓடுவாள் ஒடெசா, பதின்மூன்று வயது.
வாளிக்கு ஒரு பெயர்கூட வைத்திருந்தார்கள்.
என்னிடம் மட்டும் சொல்லவில்லை.

பிப்ரவரிக் கூட்டத்தில் கணக்கை வாசித்தேன்.
நான்தான் பொருளாளர்.
கையிருப்பு பதினோராயிரத்து நானூறு டாலர்.
கூரையா, பிள்ளைகளுக்குக் கோடை முகாமா?
கூரை முப்பது வருஷம் நிற்கும் என்றேன்.
முகாம் ஒன்பதே நாளில் முடிந்துவிடும் என்றேன்.
பாஸ்டர் வெர்லீன் ஜெபித்துவிட்டு
கை தூக்கச் சொன்னார்.
ஒன்பதுக்கு நாலு.
அந்த நாலு கைகளில் ஒன்றுதான்
ஜூலையில் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தது.
இரண்டாவது வேனுக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை.

பதினோரு பேர், எட்டுப் பந்து, ஒரே ஒரு சார்ஜர்.
மலைப்பாதையில் சிக்னல் போனதும்
டெலான்ட்டே செல்போனை ஜன்னலுக்கு வெளியே நீட்டினான்,
தூண்டில் போடுகிறவன் மாதிரி.

முதல் இரவு ஒருவரும் தூங்கவில்லை.
சத்தமே இல்லையே, எப்படித் தூங்குவது என்றான் குவின்டன்.
சைரன் இல்லை. ஹெலிகாப்டர் இல்லை.
தவளைகள் மட்டும்
யாருடைய பாகத்துக்கோ சண்டை போட்டுக்கொண்டிருந்தன.
கடைசியில் எழுந்துபோய் வேனை ஸ்டார்ட் செய்து
அரை மணி நேரம் சும்மா உறுமவிட்டேன்.
ஒவ்வொருவராய் அடங்கினார்கள்.
‘பெட்ரோல், தாலாட்டு வகையில், மூன்று டாலர்’
என்று நோட்டில் எழுதிக்கொண்டேன்.

மறுநாள் ஏரிக்கரை மைதானம்.
வளையத்துக்கு மேலே ஒன்றும் இல்லை.
ஒரு பருந்து, அதுவும் வெகு உயரத்தில்.
ஒடெசா எறிந்தாள்: மட்டமாய், நேராய்.
டெலான்ட்டே எறிந்தான்: மட்டமாய்.
பதினோரு பேரும்
இல்லாத கூரைக்குக் குனிந்து குனிந்து எறிந்தார்கள்.
எனக்கு ஏனோ கழுத்து வலித்தது.

நாலாம் நாள், சாப்பாட்டு மணி அடித்த பிறகு
ஒடெசா மட்டும் நின்றாள்.
யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து
பந்தை மேலே விட்டாள்.
வளையத்துக்கல்ல. சும்மா, மேலே.
அது போய்க்கொண்டே இருந்தது.
தோளைக் குறுக்கி, ஒரு கண்ணை மூடி,
அவள் மோதும் சத்தத்துக்காகக் காத்திருந்தாள்.
மோதவில்லை.
அப்புறம்தான் வளையத்துக்கு எறிந்தாள், உயரமாய்.
பலகையைத் தாண்டி, வேலியைத் தாண்டி,
ஏரியில் போய் விழுந்தது.
இவ்வளவு கேவலமாய் அவள் எறிந்து நான் பார்த்ததில்லை.
அப்படிச் சிரித்தும் பார்த்ததில்லை.
நான் ஷூவோடு தண்ணீரில் இறங்கினேன்.
பந்து ஒன்று இருபத்தெட்டு டாலர்.

செப்டம்பரில் மறுபடி அதே கூடம்.
டெலான்ட்டே வரவில்லை.
அவன் அம்மா வீடு மாற்றிக்கொண்டு போய்விட்டாளாம்.
எங்கே என்றால் எல்லோரும் கையை விரிக்கிறார்கள்.
மழை.
வாளியைக் கவிழ்த்துத் துடைக்கும்போதுதான் பார்த்தேன்,
அடியில் கறுப்பு மையில், கோணல் எழுத்தில்:
திரு. பெட்டிஃபோர்ட்.
என் பெயர்.

டங்.
உத்திரம் அதிர்ந்து
துரு என் நோட்டின் மேல் உதிர்ந்தது.
ஒடெசாதான். தெரிந்தேதான் எறிகிறாள்.
குவின்டனும் ஆரம்பித்துவிட்டான்.

வரும் பிப்ரவரியிலும் கூரைக்கே கை தூக்குவேன்.
ஆறு அடி உயர்த்திப் போட்டால் எவ்வளவு ஆகும் என்று
ஒருவரிடம் விலை கேட்டிருக்கிறேன்.
அவர் சொன்ன தொகையைக் கேட்டு
வாளிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

டங்.