திடீரென்று என்ற சொல்

ஜெலுத்தோங், பதினொன்றாம் மாடி.
ஆறடி நீளம், அறுநூற்றெண்பது லிட்டர்.
செவ்வாய் விடியற்காலை மூன்று இருபதுக்கு
அத்தனையும் தரைக்கு வந்தது.

சத்தம் என்று சொல்ல முடியாது.
யாரோ வீட்டைத் தூக்கி
ஒருமுறை அலசி வைத்ததுபோல.
விளக்கைப் போட்டால்
சோபாவுக்கடியில் கெலிசா
தன் பொன்னையெல்லாம் தரையில் அடித்துக்கொண்டிருந்தது.
கைலியில் சுருட்டித் தூக்கி
துணி ஊறவைக்கும் நீலத் தொட்டியில் விட்டு,
மூடி, மூடியின்மேல் செங்கல்.

விடிந்ததும் கீழ்வீட்டு மேடம் கூ
உப்பித் தொங்கும் தன் கூரையைப் படமெடுத்து அனுப்பினார்.
அடியில் ஒரு வரி:
மீன் பிழைத்ததா?

வியாழனன்று காப்புறுதியிலிருந்து ஜுல்ஹில்மி வந்தார்.
பலகையெல்லாம் வளைந்து கிடந்த தரைக்கும்
வாசலில் சப்பாத்தைக் கழற்றினார்.

குழாய் உடைந்தால் உண்டு.
மேல்வீட்டுத் தண்ணீர் ஒழுகினால் உண்டு.
தொட்டி வீட்டைச் சேர்ந்ததா,
வீட்டிலுள்ள பொருளைச் சேர்ந்ததா,
அதைக் கொஞ்சம் பேச வேண்டியிருக்கும்.
மீன்?
உயிருள்ளவை நீங்கலாக.
ஏழாம் பக்கம், எறும்பு எழுத்து.
பாரத்தில் அதற்குக் கட்டமே இல்லை.

பிறகு பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டார்:
இது திடீரென்று, எதிர்பாராமல் நடந்ததுதானே?

மூன்று வாரமாக
இடது மூலையில், சிலிக்கான் ஓரம்,
காலைதோறும் ஒரு துளி.
முதலில் கடுகளவு.
பிறகு மிளகளவு.
பாலத்து நெரிசலுக்கு முன்னால் கிளம்பும் அவசரத்தில்
கட்டைவிரலால் துடைத்துவிட்டுப் போவேன்.
ஒரு சனிக்கிழமை
பச்சைத் துண்டொன்றை மடித்து வைத்தேன்.
கடைக்காரனைக் கூப்பிட்டிருக்கலாம்.
துண்டு வைத்ததோடு
துளியை யாரிடமோ ஒப்படைத்துவிட்டதாக ஒரு நிம்மதி.

கொஞ்சங் கொஞ்சமாய்க் கசிந்ததற்கு
வெள்ளி கிடையாது.
அது ஒன்பதாம் பக்கம்.
நேற்றிரவுதான் படித்தேன்.

ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தேன்.
குளியலறையில்
மூடியை முட்டித் தள்ளி ஒரு அடி.
செங்கல் நகரும் சத்தம்.

என்ன அது? என்றார்.

உங்கள் பாரத்தில் கட்டம் இல்லாத ஒன்று, என்றேன்.

அவர் சிரிக்கவில்லை.
உடைந்த கண்ணாடியைத் தாண்டிக் குனிந்து
இடது மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
எழுநூறு லிட்டர் புரண்டோடியும்
அந்தத் துண்டு
நாலாக மடித்தது மடித்தபடி
அங்கேயே இருந்தது.