வடம்

துப்பாக்கி என்றுதான் பெயர்.
சுட்டால் எண் மட்டும் விழும்.
எண்பத்தேழு.
தொண்ணூற்றொன்று.
நூற்றுநான்கு.

உச்சிப்புளி தாண்டிச் சாலை
நூல் பிடித்தாற்போல் நேராகும் இடத்தில்
உடைமரத்து நிழலை ஜீப்போடு பங்கிட்டு நிற்கிறேன்.
வலப்புறம் ஒரு கடல், இடப்புறம் ஒரு கடல்.
இரண்டும் கண்ணுக்குத் தெரியாது;
உதட்டை நக்கினால் தெரியும்.

நிறுத்தினால்
ஆளுக்கொரு கடிகாரம் வைத்திருக்கிறார்கள்.
இறால் வண்டிக்காரருக்கு ஐஸ் கரைகிறது.
பின்கதவில் சொட்டும் நீரைக் காட்டி
"இதுதான் மேடம் என் மீட்டரு" என்கிறார்.
சேலத்து வேனுக்கு
தனுஷ்கோடிக் கேட்டை மூடிவிடுவார்கள்.
நிலம் முடிகிற இடத்துக்கா
இத்தனை அவசரம் என்று கேட்க வாயெடுத்து
ரசீதை மட்டும் கிழித்துக் கொடுக்கிறேன்.
கொடி கட்டிய காரில் கடிகாரம் இல்லை,
கைப்பேசிதான். என் காதருகே நீட்டுகிறார்கள்.
"யாருன்னு தெரியுதுல்ல?"
தெரிகிறது.
எண்ணை அழிக்கிறேன்.

அமலோற்பவம் அடிபட்ட அன்று
எங்கள் எல்லோருக்கும் ராமேஸ்வரத்தில் பந்தோபஸ்து.
யாரோ பெரியவர் சாமி கும்பிட வந்திருந்தார்.
துப்பாக்கி பெட்டிக்குள் தூங்கியது.
பாசி மூட்டையைத் தலையில் வைத்து
அவள் சாலையைக் கடந்திருக்கிறாள்,
தினமும் கடக்கிற இடத்தில்.

அளவு நாடாவின் ஒரு முனை என்னிடம்.
மறுமுனை ஏட்டு களஞ்சியத்திடம்.
டயர் தேய்ந்த தடம் நாற்பத்தொரு மீட்டர்;
அதில் கடைசி ஆறு, சிதறிய பாசிமேல் வழுக்கியது.
'சாலையின் நிலை' என்ற கட்டத்தில்
ஈரம் என்று எழுதினேன்.
நாற்பது என்று சொல்லவேண்டிய பலகையை
ஒரு காதுகுத்து ஃபிளெக்ஸ் மறைத்திருந்தது.
அதற்குக் கட்டம் இல்லை.

ஊரார் மனு கொடுத்தார்கள்.
இந்தச் சாலையில் வேக வரம்பை மதித்துப் போனது
அந்த மனு ஒன்றுதான்.
ஐந்து மாதம் கழித்துப் பதில்:
நெடுஞ்சாலையில் வேகத்தடைக்கு விதியில்லை.

பதில் வந்த மூன்றாம் நாள் விடியலில்
முப்பத்தெட்டு. முப்பத்தொன்று. இருபத்தாறு.
துப்பாக்கி பழுதோ என்று
நின்றிருந்த ஜீப்பையே சுட்டுப் பார்த்தேன்.
பூஜ்யம்.
நடந்து போய்ப் பார்த்தால்
சாலைக்குக் குறுக்கே இரண்டு பிரி நங்கூர வடம்,
மேலே தாரும் களிமண்ணும் பூசி.
விசைப்படகைப் புயலில் பிடித்து நிறுத்துகிற வடம்.
அதற்கு யாரும் கைப்பேசியை நீட்ட முடியாது.

நான்காம் இரவு
பிரியாணிப் பொட்டலங்களோடு வந்த நாகூர்கனி
இருட்டில் வடத்தைப் பார்க்கவில்லை.
காறை எலும்பு முறிந்தது.
அவன் ஓட்டி வந்தது முப்பத்தைந்தில்தான்
என்கிறான். நம்புகிறேன்.

அகற்று என்று உத்தரவு.
கடப்பாரையோடு போனேன்.
அமலோற்பவத்தின் புருஷன் ராயப்பன்
தடுக்கவில்லை, கும்பிடவும் இல்லை.
"எடுத்துக்கங்க.
ராத்திரி பகலா நீங்க இங்க நிப்பீங்களா?"
எனக்கு எட்டு மணி நேரம் ஷிஃப்ட்.
அறுபது கிலோமீட்டருக்கு ஒரு துப்பாக்கி.
கடப்பாரையை ஜீப்பில் திரும்பப் போட்டேன்.

அன்று மாலை சுண்ணாம்பு வாங்கி
வடத்துக்குக் குறுக்கே பட்டை அடித்தேன்.
என் பழைய டூட்டி ஜாக்கெட்டின்
ஒளிரும் நாடாக்களை அறுத்து
இரு ஓரத்திலும் குச்சி நட்டுக் கட்டினேன்.
அறிக்கையில் எழுதியது ஒரே சொல்:
'பார்வையிடப்பட்டது.'

சரியா என்று தெரியவில்லை.
மழை வந்தால் சுண்ணாம்பு போகும்.
நாளை வேறொரு கடப்பாரை வரலாம்,
என்னைவிடக் கீழ்ப்படிகிற கையில்.

நேற்று ஷிஃப்ட் முடிய எட்டரை.
பிள்ளைக்குக் காய்ச்சல் என்று போன்.
ஸ்கூட்டரை முறுக்கியவளுக்கு
தன் கையால் அடித்த வெள்ளை
கண்ணில் படவில்லை.

தூக்கிப் போட்டது.
விழவில்லை. டிபன் பாக்ஸ்தான் உருண்டது.
எத்தனையில் வந்தேன் என்று
நான் மீட்டரைப் பார்க்கவில்லை.