மழைமானி

காலை ஏழு மணி.
ஆபீசுக்குப் பின்னால், வேலி போட்ட சின்னப் புல்தரையில்
செம்புப் புனலைத் தூக்கிவிட்டு
கண்ணாடிக் குடுவையைக் கண்மட்டத்துக்குக் கொண்டுவருகிறேன்.
பதினான்கு மில்லிமீட்டர்.
ஒரு கொசு மிதக்கிறது. அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

பதினான்கு என்றால் உரம் போடலாம்.
நாற்பது என்றால் போட்ட உரம் ஆற்றுக்கு.
அறுபது என்றால் பதினோராம் பிளாக்கில்
குலை ஏற்றிய லாரி புதையும்;
தணிகைவேலு டிராக்டரோடு போய்
மூன்று மொழியில் திட்டுவார்,
நேபாளிப் பையன்கள் நாலாவது மொழியில் சிரிப்பார்கள்.

போனில் கோகிலவாணியின் படம் வந்து கிடக்கிறது.
சமையலறை ஜன்னலுக்கு வெளியே
ஒட்டிவைத்த வெப்பமானி.
மைனஸ் பத்தொன்பது.
பக்கத்து மேசையில் எட்டு வருசம்
சம்பளக் கணக்குப் பார்த்தவள்.
காற்றாடியை உன் பக்கமே திருப்பிக்கொள்கிறாய் என்று
வாரம் ஒருமுறை சண்டை போட்டவள்.
இப்போது சுவீடனில், கடல் எட்டாத ஓர் ஏரிக்கரை ஊரில்
முதியோர் இல்லத்தில் ராத்திரி வேலை.
காருக்கும் பிளக் சொருகிவிட்டுத்தான் படுக்கணுமாம்,
இல்லாவிட்டால் காலையில் அது எழும்பாதாம்.

'மூணு மணிக்கே இருட்டிடுது இங்கே.'
'இங்கேயும்தான்' என்று எழுதினேன்.
பொய் இல்லை.
சுங்கை கெலுபியில் மூன்று மணிக்குச் செம்பனைக்கு மேல் வானம் கறுக்கும்,
பள்ளிக்கூட பஸ் விளக்கைப் போட்டுக்கொள்ளும்,
ஆ லெங் கடைவாசலில் தார்ப்பாயை இறக்குவான்,
காய்ந்த துணியை அள்ள
அத்தனை வீட்டுப் பின்கதவும் ஒரே நேரத்தில் திறக்கும்.
நாலரைக்கெல்லாம் முடிந்து
ரோடு ஆவி விடும்,
ஒன்றுமே நடக்காத மாதிரி.

அவள் குளிரை அனுப்புவாள், நான் மழையை.
புருஷன், பிள்ளை, கடன்
எதுவும் கேட்டுக்கொள்வதில்லை.
ஒரு மாசியில் வெறும் எண் மட்டும் வந்தது,
படம் இல்லாமல்:
மைனஸ் இருபத்தெட்டு.
என்னவோ சரியில்லை என்று புரிந்தது.
குழாயில் காற்று மட்டும் வந்துகொண்டிருந்த நாட்கள் அவை.
'சைபர்' என்று எழுதினேன். 'பதினோரு நாளாய் சைபர்.'
அவள் ஒரு கோப்பிக் கோப்பையின் படம் அனுப்பினாள்.
அதற்குமேல் பேசவில்லை.

போன ஜூலையில்
ஜன்னல் வெப்பமானி முப்பத்தொன்று காட்டியது.
நிமிர்ந்து பார்த்தேன்.
ஆபீஸ் சுவரிலும் முப்பத்தொன்று.
அந்த ஊர்க் கடைகளில் காற்றாடி தீர்ந்துபோச்சாம்.
ஈரத்துணியைக் கழுத்தில் போட்டுக்கொண்டு
கிழவர்கள் ராத்திரியெல்லாம் விழித்திருக்கிறார்களாம்.
அறைக்கு ரெண்டு கட்டில், ஒரே காற்றாடி.
'எப்படி வச்சா ரெண்டு பேருக்கும் காத்து வரும்?'

அவள் மேசையில் இப்போது பிரிண்டர் இருக்கிறது.
காற்றாடி என் பக்கமே திரும்பியிருக்கிறது.

சுவரைப் பார்த்து வை,
மோதித் திரும்பும், என்று பதில் போட்டேன்.

அந்த எட்டு வருசமும்
எனக்கு அது தெரியும்.