மூன்று முறை

காலையில் விரல்கள் பூட்டிக்கொள்ளும்.
வெந்நீரில் முக்கி வைத்தால் ஒன்பதுக்குள் திறக்கும்.
ஆறு வருடப் பழக்கம்.

தொண்டைக்கு எந்த வெந்நீர்?

மஞ்சக்குப்பம் கோர்ட்டில்
பெயர் கூப்பிடுவது என் வேலை.
மூன்று முறை.
வேப்பமரத்தடி பெஞ்சு வரைக்கும் கேட்க வேண்டும்.

மூக்கு வழியே கேமராவை விட்டு
ஜிப்மரில் அந்த டாக்டர் பொண்ணு
திரையை என் பக்கம் திருப்பியது:
"பாருங்க அஞ்சலாட்சி,
இங்கயும் மூட்டு இருக்கு, ரெண்டு.
மிளகைவிடச் சின்னது.
விரல்ல இருக்கிற அதே வீக்கம்தான்."
ஐம்பத்தொரு வருடம் பேசியிருக்கிறேன்,
குரலுக்குக் கீல் உண்டென்று தெரியாமல்.

"மூச்சு இழுத்தா ராத்திரியானாலும் வந்துடணும்."
அதை மட்டும் இரண்டு தடவை சொன்னது.

நேற்று,
கலியமூர்த்தி மகன் தனவேல்.
முதல் முறை வெறும் காற்று.
இரண்டாம் முறை தகரத்தில் ஆணி.
மூன்றாவது எனக்கே கேட்கவில்லை.

'அழைத்தும் ஆஜராகவில்லை' என்று எழுதி
வாரண்ட் போட்டார்கள்.
அடுத்த கட்டைப் பிரித்தார்கள்.

தண்ணீர் குடிக்க வெளியே வந்தேன்.
வேப்பமரத்தடியில் ஓர் ஆள்,
மடியில் ஹெல்மெட்,
என் வாயையே பார்த்தபடி,
எப்போது கூப்பிடுவேன் என்று.